நான்காவது பித்தளைக் குமிழ்

காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் சைக்கிளில் தூசி தின்றே வேலைக்குப் போய்வந்த என் ஆசை நைனாவுக்கு,

உனக்கு இரண்டாவது தெவசமும் கொடுத்தாகிவிட்டது. படையலில் வஞ்சிரம் வறுவல், அவித்த முட்டை, அதோடு ஒரு பொட்டலம் அத்தோ, உனக்குப் பிடித்த அந்த பர்மா நூடுல்ஸ். அத்தோவெல்லாம் படைப்பார்களா என்று பக்கத்து வீட்டு அக்கா இழுத்தாள். "அந்த மனுசனுக்கு அது இல்லாங்காட்டி தொண்டைல எறங்காது" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். உனக்கு இறங்கியதா?

மெட்ரோ ரயில் வந்து இத்தனை வருஷம் ஆகியும் நீ ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. "அது மேல போவட்டும், நான் கீயயே போறேன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளினாய். அம்மா இப்போது வாரம் தவறாமல் அதில்தான் வண்ணாரப்பேட்டைக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறாள். ஜன்னல் பக்கம்தான் உட்காருவாளாம். கீழே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, நீ அங்கே எங்கேயோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது என்கிறாள். அதை அழாமல் சொல்கிறாள், சிரித்துக்கொண்டேதான்.

இதை ஊருக்கு முன்னால் எழுதுவதற்கு நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். உன் கதைகளை நீ எப்போது ரகசியமாகச் சொல்லியிருக்கிறாய்? தேரடி டீக்கடையில் கூட்டம் சேர்த்துத்தானே சொல்வாய். இதுவும் உன் கதைதான். ஆனால் முடிவு நீ சொல்லி வந்தது இல்லை.

படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நைனா எண்ணூரில் ஒரு இழுவைப் படகில் இன்ஜின் டிரைவர். பெரிய கப்பல்கள் தாமாகத் துறைமுகத்துக்குள் நுழைந்து கரையோரம் நிற்க முடியாது. எங்களுடையதுபோன்ற சின்னப் படகுகள்தான் அவற்றைக் கயிறு கட்டி இழுத்தும் முட்டித் தள்ளியும் கொண்டுவந்து சேர்க்கும். அவர் ரிடையர் ஆன பிறகு அதே கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். படகில் எதை மாற்றினாலும், இயந்திரமாக இருந்தாலும் சரி, வேலை செய்யும் ஆட்களாக இருந்தாலும் சரி, மாற்றுவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து யோசிக்க வைப்பது என் வேலை. எது மாறுகிறது, அதனால் யாருக்கு அடிபடலாம், யாருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பார்ப்போம். நான் சரி என்று சொன்னால்தான் படகு கிளம்பும்.

நீ இதைக் கேட்டு எப்படிச் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? "யோசிக்கறதுக்கு ஒரு ஆபீசரா? நாங்கெல்லாம் யோசிக்காமயா படகு ஓட்டிகினு இருந்தோம்?" என்றாய். யோசித்துத்தான் ஓட்டினாய், நைனா. ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். படகின் முன்பக்கம் விஞ்ச் என்று ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. கப்பலைக் கட்டும் கயிறு அதில் சுற்றியிருக்கும். பக்கத்தில் ஒரு லிவர். முன்னால் தள்ளினால் கயிறு வெளியே போகும், தன் பக்கம் இழுத்தால் உள்ளே வரும். எல்லாப் படகிலும் அப்படித்தான். உன் படகில் மட்டும் தலைகீழ்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். விஞ்சின் எண்ணெய்க் குழாய் வெடித்து, நீ வியர்க்க விறுவிறுக்க மாற்றினாய். மாட்டி முடித்துப் பார்த்தால், இரண்டு குழாயும் இடம் மாறிவிட்டன. தள்ளினால் கயிறு உள்ளே வருகிறது, இழுத்தால் வெளியே போகிறது. வெளியே கப்பல் காத்துக்கொண்டிருந்தது. திரும்பவும் அவிழ்த்து மாட்டப் பொறுமை இல்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லி, லிவரின் இரண்டு பக்கமும் தரையில் வெள்ளை பெயின்டால் 'விடு', 'இழு' என்று மாற்றி எழுதிவிட்டாய். கப்பல் பத்திரமாக வந்து நின்றது.

அந்த 'நாளைக்கு' நீ ரிடையர் ஆகும்வரை வரவே இல்லை. பெயின்ட் உப்புக் காற்றில் உரிந்து போயிற்று. புதிதாக வருகிறவனிடம் "நம்ப படகுல எல்லாம் உல்டா" என்று வாயால் சொல்லிக்கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் கயிறு போகிறதா, வருகிறதா என்று பார்த்தார்களே தவிர, எந்தப் பக்கம் தள்ளினால் போகிறது என்று பார்க்கவில்லை. நீயோ இதை வீட்டில் ஒரு வீரக் கதையாகச் சொல்வாய். நாங்களும் சோற்றைப் பிசைந்துகொண்டே விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்தக் கதையில் அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. ஏனென்றால் அதே லிவரின் பிளாஸ்டிக் தலை உடைந்தபோது, அம்மாவின் சீதனக் கட்டிலில் இருந்த நான்கு பித்தளைக் குமிழ்களில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் அதில் மாட்டிவிட்டாய். அன்றிலிருந்து கட்டிலில் மூன்று குமிழ்தான். அம்மா கேட்கும்போதெல்லாம் "நாளைக்குக் கொண்டாறேன்" என்பாய். நீ போனபோதும் அது படகில்தான் இருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் கம்பெனி ஒரே மூச்சில் இரண்டு மாற்றம் செய்தது. உன் படகின் பழைய விஞ்சைத் தூக்கிவிட்டுப் புதிது வைத்தார்கள். அதோடு, இதுவரை ஒரு படகுக்கு ஒரே ஆட்கள் என்று இருந்ததை மாற்றி, நம் கம்பெனியின் இரண்டு படகு ஆட்களும் மாறி மாறி இரண்டிலும் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். ஆள் பற்றாக்குறைதான் காரணம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான மாற்றங்கள்.

மாற்றத்தைப் பேச எல்லோரையும் உட்கார வைத்தேன். படகுகளுக்குப் பொறுப்பான கேப்டன் வந்தார். விஞ்ச் கம்பெனிக்காரர் வந்தார். உன் தோஸ்து டில்லி மாமா வந்தார். இன்றைக்கும் அந்தப் படகில் விஞ்ச் லிவரைப் பிடிப்பது அவர்தான். ஏழுமலை அண்ணனும் வந்தார். படகின் முகப்பில் நின்று கயிற்றைக் கையாளுகிறவர் அவர். லிவர் தப்பான பக்கம் போனால் அடிபடப்போவது அவர் காலோ கையோதான்.

பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்ல மேடம், பலம் கூடுதல், அவ்வளவுதான்" என்றார் விஞ்ச்காரர். கேப்டனும் தலையாட்டினார். டில்லி மாமாவும் தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு நம் வீட்டுச் சோற்றுத் தட்டும் உன் சிரிப்பும் ஞாபகம் வந்தன. "மாமா, நைனா மாட்டின குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டேன்.

"அப்டியேதான் கீது. அதுக்கு இன்னா இப்போ?" என்றார், சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. மறைக்க வேண்டும் என்று அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பதினைந்து இருபது வருஷமாக அதுதான் அவருக்கு நேர்.

கேப்டனுக்கு முகம் மாறிவிட்டது. நான் கதையைச் சொல்லி முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உங்கப்பா நல்ல வேலை பண்ணிவெச்சிருக்கார்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

டில்லி மாமா உடனே வழி சொன்னார். "இத்துக்குப் போயி எதுக்கு பேஜாரு? புதுசையும் அண்ணன் மாட்னா மாதிரியே உல்டாவா மாட்டிடு. நம்ப கைக்கு சுளுவா பூடும்."

மனசு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போனது, நைனா. செலவில்லை, சிரமமில்லை, உன் கைவேலையும் அப்படியே இருக்கும். ஆனால் அடுத்த வாரமே இன்னொரு படகின் ஆட்கள் வந்து அந்த லிவரைப் பிடிப்பார்களே. அவர்கள் கைக்குத் தள்ளினால் வெளியே. நம் ஆட்கள் அந்தப் படகுக்குப் போனால் அங்கேயும் தள்ளினால் வெளியே. எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்கு வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது? புதியது எல்லாப் படகையும்போல நேராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு நாள் ஓட்னா கை தானா பயகிடும், வுடு" என்று மாமாவும் ஒத்துக்கொண்டார்.

விஞ்ச் வைத்து முடித்த அன்று படகுக்குப் போனேன். புது பெயின்ட் வாசனை, கரியைக் கொட்டும் சத்தம், தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகை. லிவரைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அதன் தலையில் அம்மாவின் பித்தளைக் குமிழ். பழைய விஞ்சைக் காயலான் கடைக்கு ஏற்றுவதற்கு முன் டில்லி மாமா அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, புது லிவரில் இருந்த சிவப்பு ரப்பர் பிடியை எடுத்துவிட்டு, இதை மாட்டியிருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்து, ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்னு ஏயுமலையும் நானும் மாட்னோம் பாப்பா. தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். வெயிலில் சூடாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். ஆபீசரம்மா அழுவதைப் பார்க்கக் கூடாது என்று இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் ஒரு கரிக் கப்பலைக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் கரையோரமாகவே படகைக் கட்டி ஒத்திகை பார்த்தோம். டில்லி மாமா லிவரைப் பிடித்தார். விடு என்றால் விட்டார், இழு என்றால் இழுத்தார். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "இன்னா மேடம், பாஸா ஃபெயிலா?" என்று என்னை வம்புக்கு இழுத்தார். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா, நல்லாத்தானே பண்றார், ஓகே சொல்லிடு" என்றார்.

ஓகே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா ஒவ்வொரு தடவையும் லிவரை ஒரு முறை பார்த்து, மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் நகர்த்தினார். அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். கப்பல் பக்கத்தில், அலை தூக்கிப் போடும்போது, யாராவது அலறினால் அப்படி உதடு அசைக்க நேரம் இருக்குமா?

கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு இன்னும் ஒரே ஒரு ஒத்திகை கேட்டேன். அவர் நல்ல மனிதர், முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். முகப்பில் ஏழுமலை அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் கயிற்றை ஒரு வளையமாகக் கிடத்தி, அதற்குள் ஒரு பழைய லாரி டயரை நிற்க வைத்தோம். அண்ணனைக் கீழே இறக்கிக் கரையில் நிற்க வைத்து, நான் கண் காட்டியதும் கத்தச் சொன்னேன். டில்லி மாமாவிடம் ஒத்திகை முடிந்தது என்கிற மாதிரி வீட்டுப் பேச்சை ஆரம்பித்தேன். லிவரைப் பிடித்தபடியே அவர் பேத்தியின் காதுகுத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடா வெட்டுவதா பிரியாணி போடுவதா என்பதில் வீட்டில் சண்டை.

கரையிலிருந்து ஏழுமலை அண்ணன் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "வுடு வுடு, கால் மாட்டிக்கிச்சு, வுடு."

மாமாவின் கை நீ பழக்கிய பக்கம் போனது, நைனா. விட வேண்டும் என்று லிவரைத் தன் பக்கம் இழுத்தார். புது விஞ்ச் கயிற்றை உள்ளே சுருட்டியது. வளையம் இறுகி, டயரைக் கவ்வித் தரையோடு இழுத்துப்போய், கயிறு வெளியேறும் இரும்புக் கண்ணில் வைத்து இரண்டாக மடித்தது. மாமா கையை எடுத்ததும் லிவர் நடுவுக்கு வந்து விஞ்ச் நின்றது. டயர் அப்படியே நசுங்கிக் கிடந்தது.

கரையில் ஏழுமலை அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கப்பல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் குடியா முழுகியிருக்கும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் குழாய்களை மாற்றி மாட்டியிருக்கக் கூடாதா? நாங்கள் தட்டில் சோறு வைத்துக்கொண்டு சிரித்தோமே, அதில் யாருக்காவது இது தோன்றியதா?

டில்லி மாமா அப்படியே விஞ்ச் பக்கத்தில் குந்திவிட்டார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும் பாப்பா. புதுசுன்னு மண்டைக்குத் தெரியுது. ஆனா கண்ண மூடிக்கினு புடிச்சா, அதே குமிழு, அதே வழவழப்பு. கை அண்ணன் படகுலதான் கீறேன்னு நெனச்சிக்கிச்சு" என்றார். பிறகு மெதுவாக, "நான் எறங்கிக்கறேன். வேற ஆள வை. ஏயுமல கால நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

ஏழுமலை அண்ணன் அதற்குள் படகில் ஏறி வந்துவிட்டார். "நீ எறங்கிட்டா அப்பால யாரு நிப்பா? எவனோ ஒருத்தன் கைல என் கால குடுக்கறதுக்கு உன் கைல குடுக்கறேன். கம்முனு கிட மாமா" என்று அவர் தோளைத் தட்டினார். சிரிக்கவும் செய்தார்.

எனக்கு மாமா சொன்ன மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அதே குமிழ், அதே வழவழப்பு என்பது மட்டும்தான் விழுந்தது. அன்பினால் மாட்டியது. உன் ஞாபகமாக மாட்டியது. அதைத் தொட்டதும் கைக்கு நீ வைத்த பழக்கம் வந்துவிடுகிறது. அதை எடுக்கச் சொல்ல வேண்டியது என் வேலை. கேப்டன்கூட அதைத் தானே சொல்லத் துணியாமல் என்னைப் பார்த்தார். "மாமா, குமிழை எடுத்துடலாம்" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அண்ணன் மேல கை வெக்கறா மாதிரி கீதும்மா" என்றார் மாமா.

"அவர் இருந்திருந்தா ஏழுமலை அண்ணன் காலா, குமிழான்னு கேட்டா எதை எடுக்கச் சொல்லியிருப்பார்?"

மாமாவே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டால் குங்குமத்தையும் எண்ணெயையும் துடைத்து, என் கையில் வைத்து, விரல்களை மூடினார். "வூட்டுக்கு எத்துக்கினு போ பாப்பா. அண்ணிகிட்ட குடு" என்றார்.

சிவப்பு ரப்பர் பிடியைத் திரும்ப மாட்டினோம். சதுரமாக, சொரசொரப்பாக, பிடிப்பதற்கே அந்நியமாக இருந்தது. ஆளைக் கரையில் நிறுத்தியே மறுபடியும் கத்திப் பார்த்தோம். மாமாவின் கை தப்பான பக்கம் போகவில்லை. நேரான பக்கமும் உடனே போகவில்லை. அப்படியே நின்றது, பிறகுதான் தள்ளியது. "இது நம்ப சாமான் இல்லனு கைக்கே தெரியுது" என்றார். நிற்கிற கையைப் பழக்கிவிடலாம். அது போதும் எனக்கு.

அன்றைக்கு நான் ஓகே சொல்லவில்லை. கேப்டன் யார் யாருக்கோ போன் போட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு, கரிக் கப்பலுக்கு இன்னொரு படகையும் வெளியிலிருந்து ஒரு படகையும் ஏற்பாடு செய்தார். என் மேல் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு அந்த மடிந்த டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, "இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது அது எங்கள் படகுத்துறை வாசலில் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். ஏழுமலை அண்ணன் "என் கால்" என்பார்.

அதற்குப் பிறகு வந்த நாள்களெல்லாம் ஒத்திகைதான். இரண்டு படகின் ஆட்களும் சேர்ந்தே செய்தார்கள். அவர்களே பேசி ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். லிவரைத் தொடும் முன் அதைப் பிடிப்பவர் "விடறேன்" என்றோ "இழுக்கறேன்" என்றோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முகப்பில் நிற்பவர் காலைப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொன்னால்தான் கை நகரும். எங்கள் மேலிடத்தில் இதை இப்போது மற்ற இடங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். டில்லி மாமா வீட்டில்தான் தொல்லை. குழாயைத் திறக்கும்போதுகூட "விடறேன்" என்கிறாராம். குடத்தோடு நிற்கும் மாமி "விடு" என்று சொல்லாமல் தண்ணீர் வருவதில்லையாம்.

உன் படகு புது விஞ்சோடு முதல் கப்பலைக் கட்டப் போன அன்று நான் படகுத்துறையில் நின்றேன். காலை வெயில், நல்ல காற்று. கப்பலுக்குப் பக்கத்தில் உன் படகு தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. முகப்பில் ஏழுமலை அண்ணன். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் குரல் எனக்கே கேட்டது. "வுடறேன்." "வுடு." கயிறு வெளியே போனது. "இஸ்துக்கறேன்." "இஸ்துக்கோ." அந்த இரண்டு குரலும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. எனக்கு வேலை எதுவும் இல்லை. சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதி எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஏழுமலை அண்ணன் இரண்டு காலோடு இறங்கி வந்து, கவாப்பு வாங்கிக் கொடு என்று நச்சரித்தார். வாங்கிக் கொடுத்தேன்.

கோபம் எங்கே போனது என்று கேட்பாயா? போய்விட்டது, நைனா. அந்த லிவரைத் தலைகீழாக மாட்டியதும் நீதான், அதைச் சிரிக்கச் சிரிக்க எங்களுக்குச் சொன்னதும் நீதான். நீ அதை மூடி மறைக்கும் ஆளாக இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நான் என்ன கேட்டிருப்பேன்? எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. டயர் கிடந்த இடத்தில் அண்ணன் கால் இருந்திருக்கும்.

குமிழைக் கழற்றிய அன்றைக்கு மாலையே அதை அம்மாவிடம் கொடுத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். குமிழைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய், கட்டிலின் தலைமாட்டில் மொட்டையாக நிற்கும் அந்தக் காலில் வைத்துத் திருகினாள். நீ லிவருக்காக உள்ளே திருகு மரையை அகலப்படுத்திவிட்டாய் போல, சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு துணிக் கிழிசலைச் சுற்றித் திருகினாள். நின்றது. கொஞ்சம் ஆடுகிறது. மற்ற மூன்றும் கறுத்துக் கிடக்க, இது ஒன்று மட்டும் பளபளக்கிறது. வருஷக்கணக்கில் டில்லி மாமா பிடித்துத் தேய்த்ததும், பிறகு புளி போட்டதும்.

ஆள் வைத்து இறுக்கிவிடலாம், நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "வேணாம், வுடு. உங்க நைனாவோட 'நாளைக்கு' இன்னிக்குத்தான் வந்துகீது. அது கொஞ்சம் ஆடட்டும்" என்றாள்.

அப்படியே விட்டுவிட்டேன். வீட்டில் எது வேண்டுமானாலும் ஆடட்டும். படகில் விட மாட்டேன். ஒரு குழாயோ ஒரு கயிறோ ஒரு ஆளோ மாறும் நாளில், கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெளியே காத்திருக்கும், உன் மகள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டு முடிக்கும்வரை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற உன் சொல்லை நான் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன். இது உனக்கும் ஏழுமலை அண்ணன் காலுக்கும் நான் கொடுக்கும் வாக்கு.

உன் லிவரை நேராக்கி, உன் குமிழை வீடு கொண்டுவந்து சேர்த்த,
உன் மூத்த பெண்
ரேவதி